கண்ணுக்குக் கீழே வீக்கம்

ஒன்பது வருடமாகக் காலைச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை. எனக்கு வந்தது அபூர்வமான ரத்தப் புற்றுநோய். அதை அடக்கி வைத்திருந்தது அந்த மாத்திரைதான். போன வருடம் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "பல வருஷமா டெஸ்ட்ல நோயே தெரியலை. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். சிலருக்குத் திரும்பும், அப்போ மறுபடி ஆரம்பிச்சுக்கலாம். மாசாமாசம் ரத்தம் மட்டும் குடுத்துடுங்க," என்றார்.

எனக்கு உடனே சந்தேகம். தண்ணீர் கேன் வாங்கினால்கூட மூடியின் சீலை இரண்டு முறை தடவிப் பார்க்கிறவன் நான். ஒரு நாள் மாத்திரை தவறினாலே திட்டிய மனுஷன், இப்போது எதற்கு விடச் சொல்கிறார்? என்னை வைத்து ஏதாவது பரீட்சை செய்கிறாரோ? தலையை நன்றாக ஆட்டிவிட்டு வந்து, மாத்திரையை வழக்கம்போல விழுங்கினேன். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. எங்கள் ஐயப்பன்தாங்கல் மருந்துக் கடைக்காரருக்கு எங்களைத் தெரியும் என்பதால், பூந்தமல்லி வரை பஸ் ஏறிப் போய் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கினேன்.

நான்கு மாத ரிப்போர்ட்டும் சுத்தம். டாக்டருக்கு ஒரே சந்தோஷம், வம்பு வந்ததே அதில்தான். ஐந்தாம் மாதம் போனபோது ஒரு அம்மாவை உள்ளே கூப்பிட்டு என் எதிரில் உட்கார வைத்தார். திருமழிசையில் பேக்கிங் வேலை பார்ப்பவர். அதே நோய், அதே மாத்திரை, நிறுத்தப் பயம்.

"இவர் நிறுத்திட்டு எப்படி இருக்கார் பாருங்க. என்ன வேணுமோ கேளுங்க," என்றார் டாக்டர்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"அண்ணே, எனக்கும் கண்ணுக்குக் கீழ இப்டிதான் வீங்கிக்கினு கீது. மாத்திரைய உட்டா வத்திடும்னு சார் சொன்னாரு. உங்களுக்கு இன்னும் வத்தலியே?"

"தூக்கம் சரியில்லம்மா."

"மெய்யாலுமே உட்டுட்டீங்களா? உங்கள நம்பித்தான் நான் உடணும்."

டாக்டரும் இப்போது என் கண்ணைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. இன்னொரு பொய் சொன்னால், அதை நம்பி இந்த அம்மா மாத்திரையை விட்டுவிடுவார்.

"இல்லம்மா. ஒரு நாள்கூட விடலை," என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். டாக்டர் நான்கு ரிப்போர்ட்டிலும் பேனாவால் குறுக்கே கோடு போட்டார். "பயமா இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, தொடருங்கன்னு சொல்லியிருப்பேன். இப்பவும் உங்க இஷ்டம்தான். நிறுத்தறதா இருந்தா இன்னிக்குத்தான் முதல் நாள்," என்றார்.

"அண்ணன் மொதல்ல உடட்டும் சார். அப்பால நான் சொல்றேன்," என்றார் அந்த அம்மா.

"சரி, விடறேன்," என்றேன்.

அந்த அம்மா கையை நீட்டினார். "மாத்திரை அட்டையக் குடுங்க."

சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதை டாக்டரின் மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் கையை நீட்டினார்.

"வேற?"

பர்ஸில் இருந்ததையும் எடுத்துக் கொடுத்தேன்.