எங்க அய்யா அம்பயரா நின்ன ஒரே மேட்ச்

இன்னைக்கு பேத்தியோட சாப்ட்பால் மேட்ச்ல...

அம்பயரைப் பார்த்து அத்தனை பேரன்ட்ஸும் கத்துறாங்க. நான் மட்டும் வாயைத் திறக்கல.

பக்கத்து சீட் பொண்ணு கேக்குது: "ஆன்ட்டி, ஒரே மாதிரி பந்துக்கு ஒரு தடவை ஸ்ட்ரைக், ஒரு தடவை பால்! உங்களுக்குக் கோவமே வரலையா?"

கோவம் வராதும்மா. எனக்கு வெக்கம்தான் வரும்.

அறுபத்தி நாலாம் வருசப் புயலுக்கு முந்தின வருசம். தங்கச்சிமடத்துல ஸ்கூல்ல படிக்கிறேன். மெட்ராஸ்ல படிச்சிட்டு வந்த பி.டி. டீச்சர் எங்களுக்கு சாப்ட்பால் சொல்லிக் குடுத்தாங்க.

ஹோம் பிளேட், உடைஞ்ச வள்ளத்துப் பலகை. (க்ளவுஸா? மூச்!)

எங்களுக்கும் பாம்பன் டீமுக்கும் மேட்ச். ஜெயிச்சா ரயில் ஏறி, பாலம் தாண்டி, ராம்நாடு போய் ஆடலாம். எங்கள்ல பாதிப் பேர் பாலத்தைத் தாண்டினதே இல்லை. நான் கேப்டன். பந்து போடுறதும் நான்தான்.

வர வேண்டிய அம்பயர் வரலை!

பாம்பன் ஆளுங்களே சொன்னாங்க: "அந்தோணி அண்ணனை நிறுத்துங்க. கரையில மீனு பங்கு பிரிக்க அவரைத்தான கூப்புடுறோம். ஓரவஞ்சனை தெரியாத மனுசன்."

அந்தோணி அண்ணன்னா எங்க அய்யா.

கடல்லருந்து அப்பத்தான் வந்திருந்தாரு. ஈரக் கைலி, கையெல்லாம் மீன் செதில். எனக்கு அப்பவே தலை குனிஞ்சிருச்சு.

டீச்சர் ரூல் சொன்னாங்க. பலகைக்கு மேல, அடிக்கிற புள்ளையோட அக்குளுக்கும் முட்டிக்கும் நடுவுல வந்தா ஸ்ட்ரைக். விலகிப் போனா பால். மூணு ஸ்ட்ரைக் விழுந்தா அடிக்கிறவ அவுட்.

"வெளங்குச்சு டீச்சர்"ன்னாரு.

ஆட்டம் ஆரம்பிச்சதுமே மேக்கருந்து கச்சான் காத்து மணலை வாரி அடிக்குது. நான் பலகையைப் பார்த்து நேராத்தான் போட்டேன். காத்து பந்தைப் பலகைக்கு அந்தப் பக்கம் தள்ளிருச்சு.

அய்யா: "ஸ்ட்ரைக்கு!"

பாம்பன் பக்கம் ஒரே கூச்சல். "மகள்னா ஒரு நியாயமாக்கும்!"

எனக்கு மானம் போச்சு. சரி, யாரும் குறை சொல்லாத மாதிரி போடுவோம்னு, காத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ச்சுப் போட்டேன். பந்து வளைஞ்சு வந்து பலகைக்கு நட்ட நடுவுல போச்சு. அழகான பந்து!

அய்யா: "பாலு!"

இப்ப எங்க டீம் கூச்சல். "ஏண்டி, ஒங்க அய்யாவுக்குக் கண்ணு தெரியாதா?"

டீச்சர் ஒரே அதட்டு: "யாரும் அம்பயரை முறைக்கக் கூடாது. சந்தேகம்னா கேப்டன் மட்டும் போய் மரியாதையாக் கேக்கலாம்."

எல்லாரும் என்னைத் தள்ளுறாங்க. "போய்க் கேளுடி, ஒங்க அய்யாதான!"

அதான் பிரச்சனையே! அத்தனை பேர் முன்னால அந்த ஈரக் கைலிக்குப் பக்கத்துல போய் நிக்கணும். நான் நகரவே இல்லை.

பாம்பன் கேப்டன் செலின் போனா. "மாமா, எதை வச்சுச் சொல்றீக?"

அய்யா குனிஞ்சு அவகிட்ட என்னமோ சொன்னாரு. அவ சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்தா.

அப்புறம் அவ போட்ட பந்தெல்லாம் காத்துல விலகி, எங்க பேட்டுக்கு எட்டாத தூரத்துல போகுது. அய்யா சளைக்காம "ஸ்ட்ரைக்கு, ஸ்ட்ரைக்கு"ங்கறாரு!

தோத்துட்டோம். ராம்நாடும் போச்சு, ரயிலும் போச்சு.

கிளம்புறப்ப செலின் சொல்றா: "ஏய், ஒங்க அய்யா காத்தைக் கழிச்சிட்டுல்ல பாக்குறாரு! பந்து கையிலருந்து எங்கன பாத்துக் கெளம்புச்சோ அதான் கணக்காம். காத்து தள்ளுனதுக்குப் புள்ளை என்ன செய்யும்னாரு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

காத்துக்கு வள்ளம் விலகினா துடுப்பு வலிக்கிறவன் மேல குத்தம் சொல்லாத மனுசன். பந்தையும் அப்படியே பாத்திருக்காரு. ரூல்படி தப்புதான். ஆனா ரெண்டு டீமுக்கும் ஒரே தப்பு!

வீட்டுக்குப் போனேன். அய்யா குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருந்தாரு. (ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டும் போடுற சட்டை.)

"ஏத்தா, அந்தப் புள்ளை வந்து கேட்டுச்சு, சொன்னேன். நீ வருவ வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஏன் வரலை?"

நான் குனிஞ்சு கால் மணலைத் தட்டினேன்.

"அய்யா அந்தக் கோலத்துல நின்னது ஒனக்கு வெக்கமாப் போச்சோ?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லய்யா!"

என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்தாரு. கோவமே இல்லாம, மெதுவாச் சொன்னாரு:

"பாலு."

(வீட்டுக்குள்ள அன்னைக்குக் காத்தே இல்லை, ஃப்ரண்ட்ஸ்.)