மிளகாய் அரைத்த கை

லாரிக்காரன் வீட்டுப் பசு செத்துப்போனது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன். முந்திரி தாராளமாகப் போட்டு, நெய் மிதக்க மிதக்க. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார். சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மோட்டார் போட வயலுக்குப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று அவர் பங்கையும் நானே தின்றேன்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குக் கொஞ்சமும் இல்லை.

என் தம்பி இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஓடுகிற ரோட்டின் மேல் இருக்கிறது. ரோட்டோர வேப்பமரம்கூட வெள்ளையாகத்தான் நிற்கும். ஊரைத் தாண்டி ஒரு வளைவு. அந்த வளைவில் ஒரு லாரி முன்னால் போன லாரியை முந்தியது. எதிரே என் தம்பி பைக்கில் வந்துகொண்டிருந்தான். அவ்வளவுதான். இருபத்தொன்பது வயது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லாரிக்காரன் ஓடிப்போகவில்லையாம். அங்கேயே ரோட்டில் உட்கார்ந்திருந்தானாம். போலீஸ் வந்ததும், "வளைவுல முந்துனது நான்தான்" என்று சொன்னானாம். ஆலத்தியூர் பக்கத்து ஆள். ஜாமீனில் வந்துவிட்டான். கேஸ் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டு கிடந்தது. கோர்ட்டுக்குப் பொறுமை ஜாஸ்தி, எனக்கு ஜென்மத்திலேயே கிடையாது. தீட்டுக் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இது கடைசி ஆயுதம். போலீஸும் பஞ்சாயத்தும் கேட்காத நியாயத்தை அம்மனிடம் கேட்பது. கோயில் வாசலில் ஒரு கல் உண்டு, பக்கத்தில் ஒரு அம்மி. காய்ந்த மிளகாயை நனைத்து அந்த அம்மியில் அரைத்து, கல்லின் மேல் பூசி, வேண்டியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுநாள் பூசாரி கல்லைக் கழுவிவிடுவார். ஆனால் அம்மனுக்கு ஏறின சூடு இறங்காது. தப்புச் செய்தவனைத் தண்டிக்கிற வரைக்கும் அவள் எரிந்துகொண்டே இருப்பாள்.

எனக்கும் எரிந்தது. இரண்டு கையும் முழங்கை வரைக்கும். கண்ணும் மூக்கும் ஒழுக நான் நின்ற கோலத்தைப் பார்த்துப் பூசாரியே இரண்டடி தள்ளி நின்றார். பி.காம். முடித்துவிட்டு முறைக்குப் பூசை பண்ணுகிற இளைஞர் அவர். "யாரு மேலன்னு பேரைச் சொல்லுங்கக்கா" என்றார். அவன் பேரைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அதனால் இப்படிச் சொன்னேன்: "என் தம்பி சாவுக்கு யாரு காரணமோ, அவங்க வூட்டுல இனிமே ஒரு நல்லது நடக்கக் கூடாது தாயே."

அதற்குப் பிறகு நான் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது! ஆலத்தியூர் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் சித்தி மகள்தான் எனக்கு ஒற்றர். அவள் போன் அடித்தால் போட்டது போட்டபடி ஓடுவேன். காற்றில் அவன் வீட்டுக் கூரை ஷீட் பறந்ததா? சபாஷ். லைசென்ஸ் போய், உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் காட்டுக்குக் கொட்டை பொறுக்கப் போகிறானா? நல்லா வேணும். பசு செத்ததும் கேசரி. மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனதும், நான் ரோட்டில் நின்றே சிரித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோஷம் ஏன் அப்படிப் பொங்கியது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பி இறந்த அன்றைக்கு எங்கள் வயலில் சின்ன வெங்காயம் அறுவடை. பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி டீக்கு வடை வாங்கத் தம்பியை அனுப்பியிருந்தேன். பன்னிரண்டு வடை வாங்கினால் பதினொன்றுதான் வந்து சேரும், ஒன்று வழியிலேயே அவன் வயிற்றுக்குப் போய்விடும். நேரமாயிற்று, ஆளைக் காணோம். போன் போட்டேன். எடுத்தான். "வந்துட்டே இருக்கேங்க்கா" என்றான். காற்று இரைந்தது. வண்டியில்தான் இருந்தான். ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் போன், அதுதான் அவன் வழக்கம். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் விட்டேனா? "டீ ஆறிப் பச்சைத்தண்ணியாயிருச்சு. வடை வாங்கப் போனியா, மாவாட்டப் போனியாடா?" என்றேன். சிரித்தான். கட்டாகிவிட்டது. எனக்குக் கோபம். திரும்பத் திரும்ப அடித்தேன். ஏழு தடவை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட. ஆனால் அம்மனிடம் என்ன சொன்னேன்? யாரு காரணமோ அவங்க வூட்டுல. அடுத்த போகத்து வெங்காயம் முழுக்கத் திருகல் நோய் விழுந்து அழுகியது. போர்வெல் வற்றியது. அம்மன் ஆளைத் தேடிக்கொண்டு என் வாசலுக்கே வருகிறாளோ என்று நடுங்கிப்போனேன். அப்போதுதான் அந்தப் பசுச் செய்தி வந்தது. அப்பாடா, அவள் வீட்டைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். கேசரி அதற்குத்தான்.

தம்பி இறந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து என் வாசலில் இறங்கினாள். இருபத்து மூன்று, நாலு இருக்கும்.

"அக்கா, நான் அந்த லாரி டிரைவரோட மக" என்றாள்.

என்னை உரிமையோடு அக்கா என்று கூப்பிட இனி யாரும் கிடையாது என்று இருந்தவள் நான். அந்த வார்த்தையை அவள் வாயில் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டு எடம் பேசி ரெண்டும் நின்னுபோச்சுக்கா. மொளகா அரைச்ச வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோங்கறாங்க. நீங்க எறக்கி வெச்சாத்தான் ஆவும்."

"அம்மன் அது வேலையைப் பாக்குது. உங்கப்பன் அனுப்பினானா?"

"தெரிஞ்சா திட்டுவாரு. அந்தம்மா அரைச்சது நாயந்தான், நீ போய்க் கேக்காதேன்னு சொல்லியிருக்காரு."

எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. அவன் எகிறிக்கொண்டு வந்து சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! "போம்மா, போ" என்று வாசலைக் காட்டினேன். அழவில்லை அவள். ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பத்தடி போயிருப்பாள், பையில் போன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, கீழே இறங்கி நின்ற பிறகுதான் எடுத்தாள். "வந்துட்டிருக்கேம்ப்பா" என்றாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அவளே சொன்னாள்: "அப்பாதான். வண்டியில இருக்கறப்போ போன் எடுக்கவே மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. அந்த ஆக்சிடெண்டுலேருந்து."

அவள் போய்விட்டாள். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். லாரியில் முந்தினவன் மகளிடம் போனைப் பற்றி ஏன் சத்தியம் வாங்க வேண்டும்? அவனுக்குத் தெரியுமா? தெரியுமென்றால் இரண்டு வருஷமாக ஏன் வாயைத் திறக்கவில்லை? நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பூசாரியிடம் போய் நின்றேன்.

"ஏத்துன கைதாங்க்கா எறக்கணும்" என்றார். "யாரு மேல அரைச்சீங்களோ அவங்க நம்ம கோயில் கெணத்துலேருந்து தண்ணி மொண்டு தரணும், நீங்க கல்லு மேல ஊத்தணும். பதினோரு கொடம். கடைசிக் கொடத்துக்கு முன்னால, அன்னிக்குச் சொன்னதை ஒரு வார்த்தை மாறாம திருப்பிச் சொல்லி, வாங்கிக்கிறேன் தாயேன்னு சொல்லணும்."

"மாத்திச் சொன்னா?"

"அம்மன்கிட்டயாக்கா?" என்று சிரித்தார்.

சித்தி மகள் மூலம் சொல்லி அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் மகளும் ஸ்கூட்டியில் வந்தார்கள். கோர்ட்டில் தூரத்தில் பார்த்தபோது மலை மாதிரி தெரிந்த ஆள், பக்கத்தில் என் தோள் உயரம்தான் இருந்தார். ஆம், இருந்தார். அதுவரைக்கும் அவன், இவன் என்றுதான் சொல்லிவந்தேன். நேரில் பார்த்ததும் அது வாயில் நிற்கவில்லை. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

முதல் குடத்தை முகம் பார்க்காமல் பிடுங்கினேன். மஞ்சள் கலந்த தண்ணீரைக் கல்லின் தலையில் ஊற்றினேன். அவர் திரும்பவும் கிணற்றுக்கு நடந்தார். இரண்டு, மூன்று, நான்கு. நல்ல வெயில். அவருக்கு மூச்சு இரைத்தது. மகள் வாங்க வந்தாள், அவர் தரவில்லை. எட்டாவது குடத்தில் படி நனைந்து அவர் கால் வழுக்கியது. "பாத்து வாங்க" என்று என் வாய் தன்னால் சொல்லிவிட்டது. பத்தாவது ஊற்றி முடிந்தது. பூசாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கையெடுத்துக் கும்பிட்டேன். "என் தம்பி சாவுக்கு யாரு காரணமோ" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்திவிட்டேன். கல்லுக்கு முன்னால் நின்று, காரணம் அவர் மட்டும்தான் என்பது போலப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் பக்கம் திரும்பினேன். "அன்னிக்கு அவனுக்குப் போன் பண்ணுனது நான்தாங்க. வண்டியில வர்றான்னு தெரிஞ்சேதான் பேசுனேன்" என்றேன்.

பதினோராவது குடம் அவர் கையில் இருந்தது. "தெரியும்மா" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அந்தத் தம்பி போன் ரோட்டுல கெடந்துச்சு. கண்ணாடி ஒடஞ்சும் அடிச்சிட்டே இருந்துச்சு. அக்கான்னு வந்துச்சு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலம்மா."

"கையில போன் வெச்சிருந்தான்னு கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு நல்லதுதானே?"

"வக்கீலும் அதைத்தான் கேட்டாரு. அந்தத் தம்பி அவரு சைடுலதாம்மா வந்துச்சு. எதுக்க ஏறிப் போனது நான். போன் விஷயத்தைச் சொன்னா, கூப்ட்டது யாருன்னு தோண்டுவாங்க. உங்களுக்கு அது ஒண்ணு வேற எதுக்கும்மா?"

நான் வாய்விட்டு அழுதேன். தம்பி செத்த அன்றுகூட அப்படி அழவில்லை, அன்றைக்கெல்லாம் சாபம்தான் விட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஆள் என் ரகசியத்தை இரண்டு வருஷம் தன் மடியில் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார். அவர் வீட்டில் எழவு விழாதா என்று காத்திருந்து கேசரி தின்றவள் நான். அழுது முடித்து, முதலிலிருந்து ஒரு வார்த்தை மாறாமல் சொல்லி, "வாங்கிக்கிறேன் தாயே" என்றேன். கடைசிக் குடத்தை வாங்கி ஊற்றினேன். கல் பளபளவென்று இருந்தது.

மன்னித்துவிட்டேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேஸ் நடக்கிறது, அதன் முடிவு அதன் பாட்டுக்கு வரும். தம்பி ஞாபகம் வந்தால் இன்றைக்கும் அந்த வளைவில் அவர் லாரி வராமல் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. நான் போன் பண்ணாமல் இருந்திருக்கக் கூடாதா என்றும்தான்.

கிளம்பும்போது அந்தப் பெண் ஸ்கூட்டியைத் திருப்பினாள். அப்பா பின்னால் ஏறிக்கொண்டார். அவளிடம் என் நம்பரைக் கொடுத்தேன். "வூடு போய்ச் சேந்ததும் நீயே பண்ணு. நான் பண்ண மாட்டேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து அவர்கள் ஊருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அரை மணியிலிருந்தே விரல் துறுதுறுத்தது. வெளியே ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் ஹாரனுக்கும் தூக்கிவாரிப்போட்டது. முக்கால் மணி தாண்டியது. அடிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. நான் போனைத் தொடவில்லை, தொடவே இல்லை, புடவைத் தலைப்பைத்தான் கசக்கிக்கொண்டிருந்தேன்.

அடித்தது.

"அக்கா, வந்து சேந்துட்டோம்" என்றாள்.