கேபிளைப் பிடுங்கியவர்

கன்டெய்னர் லாரி வாசலில் நிற்கும்போது, எங்கள் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் சர்வர் படுத்துவிட்டது. பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்க வழியில்லை. சரிசெய்ய வந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த சர்வரை எழுப்பி, துணைக்கு இன்னொன்றையும் வைத்து, முகவரி கேட்கும் கோரிக்கை இரண்டுக்கும் போகும்படி ரௌட்டரில் மாற்றினார். நெட்வொர்க் வந்ததும் நான் அழுதேவிட்டேன். அவரோ பழைய சர்வரின் கேபிளைப் பிடுங்கப் போனார்.

“வேண்டாங்க! லோடு போயிரட்டுங்க!” என்று கெஞ்சினேன்.

“ரெண்டாவது தனியா நிக்குதான்னு இப்பப் பாக்காட்டி அடுத்த தடவையும் இப்படித்தான் அழுவீங்க, கண்ணு.”

பிடுங்கிவிட்டார். ஒரு கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். மூச்சுவிடாமல் காத்திருந்தோம். இரண்டாவது சர்வரிலிருந்து முகவரி வந்தது. அப்போதுதான் பார்த்தேன், பிடுங்கிய கேபிளை உடனே திரும்பச் செருகத் தயாராக, அதே துளைக்கு நேராகவே அவர் பிடித்திருந்தார். அத்தனை பயத்தோடு எப்படிப் பிடுங்கினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.