பச்சை பாஜு அக்கா ஏன் அழுதாங்க?

மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் ஒரு மத்தியானம், கணினித் திரையில் ஒரு வரி வந்து நின்றது.

"பச்சை பாஜு போட்ட அக்கா ஏன் அழுதாங்க?"

என் பக்கத்தில் இருந்த செல்வி அக்கா குனிந்து தன் உடையைப் பார்த்தார். பச்சை.

தொண்ணூறுகளின் கடைசி அது. டிப்ளோமா முடித்து வேலைக்குக் காத்திருந்த நான், ஒரு மாதர் நல அமைப்பு நடத்திய இலவச இன்டர்நெட் வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைவீட்டு மாடியில் ஓர் அறை. யாரோ தானம் கொடுத்த பழைய கணினி. ஒரே ஒரு டெலிபோன் லைன்.

வந்தவர்கள் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வந்து தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்த பெண்கள். செல்வி அக்காவும் அப்படித்தான். (மௌஸைத் தொடும் முன் கையைக் கழுவிவிட்டு வருவார்.)

தட்டிப் பழகட்டும் என்று மலாக்காத் தமிழர்கள் கூடும் ஒரு சாட் அறைக்குள் போயிருந்தோம். எந்த வகுப்பு, எந்த இடம் என்று நான்தான் எழுதினேன். 'நிலா' என்ற பெயரிலிருந்து வந்த பதில்தான் அந்த வரி.

செல்வி அக்கா அழுதது உண்மை. சூப்பர்வைசர் திட்டியதைச் சொல்லிச் சற்று முன் கண் கலங்கினார். அறைக்கு வெளியே யாருக்கும் அது தெரிய வழியில்லை.

"நீங்க யாரு?" என்று தட்டினேன்.

"ஃபேன் நின்னு போச்சு. சூடா இல்லையா?"

எல்லோரும் மேலே பார்த்தோம். ஃபேன் நின்றிருந்தது.

மறுநாள் செல்வி அக்காவைத் தவிர யாரும் வரவில்லை. அந்த அறையில் முன்பு ஒரு பெண் செத்துப்போனாள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

அமைப்பின் தலைவி போனில் சொன்னார். "ஆளு வரலன்னா மூடிடலாம்மா. கம்ப்யூட்டர வேற எங்கயாச்சும் குடுத்துரலாம்."

செல்வி அக்கா ஓர் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் மானிட்டரில் கட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். (வைரஸுக்கும் சேர்த்து என்றார்.)

சாட்டைத் திறந்ததும் நிலா.

"இன்னைக்கு ரெண்டு பேருதானா? என்னாலயா? மன்னிச்சிருங்க."

"பேய் மன்னிப்புலாம் கேக்காது லா," என்றார் செல்வி அக்கா. எலுமிச்சம்பழத்தை மட்டும் இன்னும் இறுக்கிக் கட்டினார்.

"எங்கேருந்து பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"ஜன்னலுக்கு வாங்க."

போனோம். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. எதிரே வரிசையாக இரட்டை மாடி வீடுகள், எல்லாவற்றிலும் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. ஒரு வீட்டின் மாடியில் மட்டும் திரைக்கு நடுவே ஒரு கை வெளிப்பட்டு, கண்ணாடியில் பதிந்தது. அது அசையவில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கி அந்த வீட்டுக்குப் போனோம். கிரில் கதவில் வெளிப்பக்கம் பூட்டு. பக்கத்து ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் மெதுவாகத் திறந்தன. உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி.

"மெதுவா பேசுங்க. பக்கத்து வீட்டுல கேட்டா அவருகிட்ட சொல்லிடுவாங்க."

பெயர் கோமதி. கணவன் தினமும் அவளைப் பூட்டிவிட்டு வியாபாரத்துக்குப் போகிறான். அம்மாவுடன் பேசக்கூடாதென்று டெலிபோன் கருவியையும் கழற்றி எடுத்துப்போகிறான். டெலிபோன் லைனும் அதில் மாட்டிய அவனுடைய கணினியும் மட்டும் வீட்டில் இருந்தன.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னு நெனச்சிட்டாரு. அவரு தட்டுறத பின்னால நின்னு பாத்து கத்துக்கிட்டேன்."

"சாட்ல யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் செல்வி அக்கா.

"சொன்னேங்க்கா. சில பேரு சிரிச்சாங்க. ஆம்பளைங்க அட்ரஸ் கேட்டாங்க. அப்புறம் சொல்றத விட்டுட்டேன்."

மாடிக்கு ஓடி, மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கி டெலிபோனில் மாட்டி, அவள் சொன்ன எண்ணை அழைத்தேன். ரெம்பியாவில் ஒரு பட்டறை. அங்கே வேலை செய்த அவளுடைய அண்ணன், வெயில் தாழ்வதற்குள் மோட்டார் சைக்கிளில் வந்து பூட்டை வெட்டினார்.

கோமதி ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தாள். முதலில் எங்கள் அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். மாடிக்கு வந்து, ஜன்னலருகே நின்று, தன் வீட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"இங்கேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலையேங்க்கா."

அண்ணன் அவளை நேராகப் போலீஸுக்கு அழைத்துப்போய்ப் புகார் எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குக் கூட்டிப்போனார்.

மறுநாள் செல்வி அக்கா மற்ற பெண்களையும் வீடுவீடாகப் போய்க் கூட்டிவந்துவிட்டார். நான் சாட்டைத் திறந்தேன்.

நிலா உள்ளே இருந்தாள்.

ரெம்பியாவில் கோமதி வீட்டில் கணினி கிடையாது.

"சிவப்பு சட்டை. நீதானே அவள அனுப்புன?"

நான் சிவப்புச் சட்டை போட்டிருந்தேன்.

எதிர்வீட்டு மாடியில் திரைச்சீலை முழுதாக விலக்கப்பட்டிருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது, கைகள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன.

"எல்லார் மொகமும் எனக்கு தெரியும்," என்று அடுத்த வரி வந்தது.

லைனைத் துண்டிக்கக் கை நீட்டினேன். செல்வி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். அத்தனை நாளில் அவர் யார் உதவியும் இல்லாமல் எழுதிய முதல் வரி அது.

"நாங்களும் உன்ன பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஒவ்வொருவராக எல்லாப் பெண்களும் போய் அவர் பக்கத்தில் நின்றார்கள். கடைசியாக நானும்.

அவன் படித்தான். நிமிர்ந்து பார்த்தான். திரைச்சீலையை இழுத்து மூடினான்.

கோமதி சாட்டில் எழுதியதெல்லாம் அவள் கணவனின் கணினியிலேயே பதிந்து கிடந்திருக்க வேண்டும். சீக்கிரமே அவன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் வகுப்பை யாரும் மூடவில்லை.

கோமதியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். (பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள்.) இப்போது இங்கே, இணையத்தில், என் நண்பர்கள் வரிசையில் இருக்கிறாள், பேரப்பிள்ளை படமெல்லாம் போடுகிறாள்.

ஆனாலும் அவளிடமிருந்து மெசேஜ் வந்தால், இத்தனை வருஷம் கழித்தும், "நீதானா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அவள் கோபித்துக்கொள்வதில்லை. உடனே போன் போட்டுக் குரலைக் காட்டிவிடுவாள்.