கிளறா வீட்டில் பதிந்த மூவர்

கிளறா இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வாடகை வீடு. பதினான்கு வருடமாக ஒரு மாதமும் வாடகை பிந்தியதில்லை. வேலைக்குப் போகும் வீடுகளில் அவள் துடைத்த கண்ணாடியில் விரல் அடையாளம் கண்ட சிஞ்ஞோரா, எசமானியம்மா, இந்த நகரத்திலேயே கிடையாது.

தை மாதம் வீட்டுக்காரர் வந்து நின்றார். அந்தத் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாக்காரருக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனியோடு ஒப்பந்தம் முடிகிறது, வீடு வேண்டும் என்றார்.

வேறு வீடு தேடினாள். தொலைபேசியில் அவள் பெயரைக் கேட்டதும், கொடுத்தாயிற்று என்றார்கள். மிஞ்சியது நகரசபையின் குறைந்த வாடகை வீடுதான். கணவன் பேனாட் இடுப்பு முறிந்து படுக்கையில். மகள் மொனிகா படிக்கிறாள். உழைப்பவள் ஒருத்தி. கிடைக்காமல் போகாது என்று நம்பினாள்.

வைகாசியில், விண்ணப்பம் நிரப்பும் அலுவலகத்தில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். "உங்கள் குடும்பத்தில் ஆறு பேர், சிஞ்ஞோரா. நால்வர் உழைக்கிறார்கள். வருமானம் எல்லை தாண்டிவிட்டது."

மற்ற மூவரும் றொஜர், றொனி, சுஜீவன். முகவரிப் பதிவு இல்லாமல் பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. வாடகைக்கு விடுபவர்களோ பதிய விடுவதில்லை. அதனால் ஊர்ப் பிள்ளைகளைத் தன் வீட்டில் பதிந்துவிட்டாள் கிளறா. சொந்தம் என்றால் கேள்வி குறைவு என்று, கூடப்பிறந்தவர்களாகவே எழுதிக் கொடுத்தாள். நம் சனம் இங்கே வழக்கமாகச் செய்வதுதான்.

றொஜரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"உங்கட மூண்டு பேரின்ர பேரையும் வெட்டப் போறன். வெள்ளியோட விண்ணப்பம் முடியுது."

"பகிடி விடாதேங்கோ அக்கா."

"பகிடி விடுற முகமாடா இது? வேற எங்கையாவது பதியுங்கோவன்."

"ஆர் விடுறான்? மொண்டெல்லோவில ஒரு அறைக்குள்ள எட்டுப் பேர் கிடக்கிறம். பதிவெண்டு வாய் திறந்தா வெளியில போ எண்டுறான். வாற வருசம் ஆடியில எனக்குப் பெர்மெஸோ முடியுது."

பேனாட் கட்டிலில் இருந்தபடியே, "ஆறு பேர் எண்டு பெரிய வீடாக் கேளப்பா" என்றான்.

வியாழன் காலை கிளறா பதிவு அலுவலகத்துக்குப் போனாள். மூன்று படிவங்களையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பியிருந்தாள். "இப்போது வசிக்கும் இடம்" என்ற வரியில் மூன்றிலும் "தெரியாது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். எழுத்தர் முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதற்கான சிட்டையை நீட்டினார்.

"இந்தச் சிட்டையை நாளைக்கு விண்ணப்பத்தோடு கொடுக்கலாமா?"

"நாளைக்கா? ஆளில்லை என்று விசாரித்துப் பெயரை வெட்ட ஒரு வருடம் செல்லும், சிஞ்ஞோரா. அதுவரை ஆறு பேர்தான்."

"அப்படியென்றால் படிவங்களைத் திருப்பித் தாருங்கள்."

"முத்திரை விழுந்துவிட்டதே" என்றார் அவர். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.

வெளியே வெயிலில் நின்று றொஜருக்கு அழைத்தாள். "குடுத்திட்டன்டா" என்றாள்.

அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப வீடு கிடைச்சிடும் என்ன, அக்கா?"