பித்தளைக் குழலுக்குத் திரும்பாதவள்

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருந்தோம். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு டிவியில் ஒரு பிரிட்டிஷ் காமெடி சீரியல் வரும். கணவர் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விடுவார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அபார்ட்மென்டில் நானும் பத்து மாதக் குழந்தையும் டிவியும்தான். அமெரிக்க இங்கிலீஷுக்கே அப்போதுதான் காது பழகிக்கொண்டிருந்தது. அவர்கள் பேசியது பாதிகூடப் புரியாது.

ஆனாலும் கதை புரிந்தது. அதில் வரும் அப்பா, ஊர் பேண்டு செட்டில் பெரிய பித்தளைக் குழல் வாசிப்பவர். மனைவியோடு சண்டை வந்தால் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க மாட்டார்; தோட்டத்துக்குப் போய் ஊதுவார். கோபமென்றால் ஒரு மெட்டு, தப்பு தன் மேல் என்றால் இன்னொன்று. மற்றபடி பின்னணி இசையே கிடையாது. நம் படங்களில் கதாநாயகிக்கு முன்பே வயலின்கள் அழ ஆரம்பித்துவிடும். இங்கே சங்கடமான இடத்தில் மயான அமைதி, அப்புறம் அந்தக் குழல். என் மகளுக்கு அது உயிர். முதல் ஊதலுக்கே டிவி பக்கம் திரும்பிக் கெக்கெக்கே என்று சிரிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை குழல் ஊதியது. அவள் திரும்பவில்லை. கரண்டியால் கார்ப்பெட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். டிவி சத்தத்தைக் கூட்டினேன். பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கை தட்டினேன். ம்ஹூம்.

முந்தின இரண்டு நாளும் அவள் காதுகளில் நான் எண்ணெய் விட்டிருந்தேன். காதைப் பிடித்து இழுக்கிறாள் என்று போனில் சொன்னதற்கு, பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, ஆறவைத்து, இரண்டு சொட்டு விடச் சொன்னாள் அம்மா. புறங்கையில் தொட்டுப் பார்த்துத்தான் விட்டேன். சரியாகப் பார்த்தேனா? பெற்ற பிள்ளையை நானே செவிடாக்கிவிட்டேன் என்று தோன்றியது.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். காதில் ஏதாவது விட்டீர்களா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றேன். கை வைத்தியம் செய்தது தெரிந்தால் இந்த நாட்டில் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் ஒரு பாட்லக்கில் யாரோ ஆன்ட்டி சொன்னது மண்டையில் உட்கார்ந்திருந்தது. ஜுரம் இல்லாததால் வியாழக்கிழமைக்குத்தான் அப்பாயின்ட்மென்ட் கொடுத்தாள்.

குழந்தைக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். எண்ணெயைச் சொல்லவில்லை. அவர் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்து ஓய்ந்தார். அடுத்த இரண்டு நாளும் ஐந்தரைக்கு நான் டிவியைப் போடவே இல்லை. குழல் ஊதி அவள் திரும்பாமல் இருப்பதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு அடைத்திருக்கிறது, உள்ளே எதுவும் தெரியவில்லை என்றார். ஏதாவது விட்டீர்களா என்று அவரும் கேட்டார். கணவர் முந்திக்கொண்டு இல்லை என்றார். டாக்டர் தண்ணீர் அடிக்கும் ஊசிக்குழாயைக் கையில் எடுத்தார். உள்ளே வெந்து போயிருந்தால் தண்ணீர் பட்டு இன்னும் கெட்டுப் போகுமே என்று நடுங்கிப்போனேன்.

"ஆயில்," என்றேன். "ஐ புட் ஆயில்."

கணவர் திரும்பினார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்களும் திட்டினா நான் யார்கிட்ட போவேன்?"

டாக்டர் போலீஸையெல்லாம் கூப்பிடவில்லை. அழுக்கு எண்ணெயில் ஊறி உப்பியிருக்கலாம் என்று சொல்லி, இரண்டு காதையும் நிதானமாகக் கழுவினார். பழுப்பாகக் கட்டி கட்டியாக வந்தது. கத்திக் களைத்துப்போன குழந்தை அப்பாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டது. டாக்டர் பின்னால் நின்று விரலைச் சொடுக்கினார். அவள் அசையவில்லை. இன்னொரு முறை சொடுக்கினார். அப்போதும் அசையவில்லை.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே இல்லாமல், இழவு வீட்டில் அழுகிற மாதிரி ஓங்கி அழுதுவிட்டேன்.

தோளில் கிடந்த தலை சட்டென்று நிமிர்ந்தது. என் பக்கம் திரும்பி, உதட்டைப் பிதுக்கி, என் சத்தத்துக்குப் பயந்து அவளும் அழ ஆரம்பித்தாள்.