அண்ணனோடு அடக்கமான காகிதம்

ஜெரால்டு அண்ணா, நீ இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "எட்டாங்கிளாஸோட நின்னது எழுதுது, எல்லாரும் ஓடுங்க" என்று சொல்லி, தெருக்காரர்கள் ஜெபத்துக்குக் கூடுகிற அன்பியக் கூட்டத்தையே கலைத்திருப்பாய். இப்போது தடுக்க ஆளில்லை. எழுதுகிறேன்.

அன்பானவர்களே, என் பெயர் ரீட்டா. மந்தைவெளியில் அம்மாவோடு இருக்கிறேன். தி.நகரில் ஒரு துணிக்கடையில், விரித்துக் காட்டிய சேலைகளைத் திரும்ப மடித்து வைப்பது என் வேலை. அண்ணன் ஜெரால்டு தண்ணீர் மோட்டார் மெக்கானிக். போன டிசம்பர் மழையில் அடையாறு பக்கம் அடுக்குமாடிகளின் கீழ்த்தளமெல்லாம் முங்கிப்போனது. மூன்று நாள் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நின்று பம்ப் போட்டான். காலில் ஒரு சின்ன வெட்டு. அடுத்த வாரம் காய்ச்சல். கண் மஞ்சளாகிவிட்டது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் போய்விட்டான். இருபத்தாறு வயது.

எங்கள் வீட்டுக்குள்ளும் அதே வெள்ளம்தான். அம்மாவுக்கும் அதே காய்ச்சல் வந்தது. அம்மா பிழைத்துவிட்டார். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போனது. விடாமல் வைத்தியம் பார்த்தால்தான் அம்மா எனக்கு மிஞ்சுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளத்தால் வந்த நோயில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு, அதே நோய் வந்தவருக்கு இலவசச் சிகிச்சை அட்டையும் உண்டு என்று கேள்விப்பட்டு மனு எழுதினேன். தாலுகா ஆபீஸில் எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. அண்ணன் என்ன நோயில் இறந்தான் என்று ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்த தாள்.

"அந்த பேப்பர் எங்கமா கீது?" என்றார் அங்கே இருந்த சார்.

"கல்லறைல சார்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாமா, வெளாட்றியா?"

விளையாட்டு இல்லை. முக்கியமான காகிதம் எதுவானாலும் அம்மா ஜெபப்புத்தகத்துக்குள்தான் வைப்பார். மாதா பார்த்துக்கொள்வாராம். கரண்டு பில்லைக்கூட அங்கேதான் தேட வேண்டும். அடக்கத்தன்று பெட்டியை மூடும் முன் அண்ணன் கையில் ஜெபமாலையும், நெஞ்சில் ஜெபப்புத்தகமும் வைத்தோம். அழுகையில் யாரும் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை.

சார் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். நானும் சிரித்துவிட்டேன். அண்ணன் செத்த பிறகு அன்றுதான் முதல் தடவை சிரித்தேன். "தப்பா நெனைக்காதம்மா. ஆஸ்பத்திரில டூப்ளிகேட் வாங்கினு வா. மனு குடுக்க இந்த மாசத்தோட கடைசி" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "சேர்த்தப்போ குடுத்த நம்பர் சொல்லும்மா. பேர வச்சி தேட முடியாது. மழை டைம்ல வந்ததெல்லாம் மூட்ட மூட்டையா கீது" என்றார்கள். அந்த நம்பரும் அதே புத்தகத்துக்குள்தான் இருந்தது.

அம்மா உடைந்துபோனார். "எம் புள்ளையோட நாயத்த என் கையாலயே பொதைச்சிட்டேனே" என்று மாத்திரையைத் தள்ளிவைத்தார். ஒருநாள் பங்குத்தந்தையிடமே கேட்டுவிட்டார்: "ஃபாதர், பெட்டிய ஒருவாட்டி தொறந்து பாக்கலாமா?" அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் தூங்கட்டும்மா" என்று மட்டும் சொன்னார்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோணியாருக்கு உரிய நாள். கோயிலில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் நின்றேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர் என்று எல்லாரும் நம்புகிறோம். எனக்குக் கோபம்தான் வந்தது. "அந்தோணியாரே, தொலஞ்சது எங்க கீதுன்னு எனக்கே தெரியும். எடுக்கத்தான் முடியல. அம்மாவையும் அனுப்பிட்டு நான் இன்னா பண்றது?" என்று கத்திவிட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் என் ஜெபம். அழகான ஜெபம் எனக்குத் தெரியாது.

வெளியே வந்தால் பிலோமினா அக்கா. எங்கள் அன்பியத்தில் இருப்பவர், இட்லிக் கடை வைத்திருக்கிறார். போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பாரு ரீட்டா, எடம் இல்லன்றான். கஸ்டமர் பணம் போட்டா சவுண்டே வர மாட்டுது. எல்லாத்தையும் அழின்றான் எம் பையன்."

"அழிச்சிடுக்கா, அவ்ளோதானே."

"போடி. ஜெபம் கேட்டு வந்தத எப்டி அழிக்கிறது? இன்னும் உங்கண்ணனுக்கு ஜெபம் சொல்லிக்கினுதான் கீறேன். இத பாத்துதான் சொல்வேன்" என்று திரையை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார்.

அண்ணன் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அன்பிய வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம். சேர்த்த அன்று கொடுத்த சீட்டு. கீழே அவன் எழுதியிருந்தான்: "எனக்காக வேண்டிக்குங்க. டாக்டர் எழுத்து புரியல, ஆண்டவருக்காவது புரியுதான்னு பாப்போம்." அந்தச் சமயம் என் போன் வெள்ளத்தில் செத்துப்போயிருந்தது. நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு இங்கிலீசு எங்க தெரியும்? இதத்தான் பாப்பேன்" என்று படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். சீட்டைப் பிடித்திருந்த அண்ணனின் கட்டைவிரல். நகத்துக்குள் மோட்டார் கிரீஸ் அப்படியே இருந்தது. அதற்கு மேலே, தெளிவாக, நம்பர்.

கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா பயந்துபோய், "இன்னாடி, எதனா அமுக்கிட்டேனா?" என்றார்.

மறுநாள் அந்த நம்பரைச் சொன்னதும் ஆஸ்பத்திரியில் மூட்டையைப் பிரித்து எடுத்தார்கள். எலிக்காய்ச்சல் என்று டாக்டர் எழுதிய தாளுக்கு நகல் கிடைத்தது. கடைசி நாளுக்கு முன்னாடியே மனு உள்ளே போனது. ஏப்ரலில் நிவாரணம் வந்தது. அம்மாவுக்கு அட்டையும் வந்தது. இப்போது சிறுநீரகம் பரவாயில்லை என்கிறார் டாக்டர். அம்மா என்னைத் திட்டுகிற சத்தத்தை வைத்தே நானும் அதைத் தெரிந்துகொள்கிறேன்.

ஒன்றை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு மனசில்லை. அந்தப் படத்தை வைத்து நாங்கள் எல்லாரும் கேட்டது, அவனைக் குணமாக்கு என்றுதான். அது நடக்கவில்லை. ஏன் என்று இன்றும் ஆண்டவரிடம் சண்டை போடுகிறேன். ஆனால் சண்டை போடுகிற அளவுக்கு அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் ஞாயிறு பூசைக்குத் தூங்கி வழிந்துகொண்டு போனவள் நான். இப்போது விடுமுறை நாளில் எங்கள் தெருக்காரர்களுக்குத் துணையாகத் தாலுகா ஆபீஸுக்குப் போகிறேன். அந்த சார் என்னைப் பார்த்தாலே, "வாம்மா கல்லறை" என்கிறார்.

உங்கள் வீட்டிலும் கதவு மூடிக்கிடந்தால் கேளுங்கள். அழகாகக் கேட்க வரவில்லை என்றால் கத்தியாவது கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

இன்று ஜெபமாலை சொல்லும்போது என் அண்ணன் ஜெரால்டு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் கேட்ட சுகம் இங்கே கிடைக்கவில்லை. காய்ந்த, வெளிச்சமான ஓர் இடத்தில் ஆண்டவர் அவனை இளைப்பாற வைக்க வேண்டும் என்று அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.